ஏழு இரவு, நான்கு பேர்: இத்தாலிக் கடற்கரையில் தங்கவும் சாப்பிடவும் எவ்வளவு ஆகும்?

கேள்வி: வரும் மே மாதம் நான், கணவர், மாமியார், 9 வயது மகன் நால்வரும் இத்தாலியின் சிங்க்வே டெர்ரே கடற்கரைக்குப் போகிறோம். ஏழு இரவு. மாமியார் சுத்த சைவம். வெர்னாட்சா கிராமத்திலேயே கடலைப் பார்த்த இரண்டு அறை போட்டுத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். தினமும் ‘இந்தியன் டின்னர்’ வேண்டுமானால் தலைக்கு 35 யூரோ தனியாம். தங்க, சாப்பிட மொத்தம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? டின்னரை வாங்கிவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: டின்னரை வாங்காதீர்கள். 35 யூரோ வீதம் நான்கு பேருக்கு ஏழு இரவு என்றால் 980 யூரோ. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் இது. கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் மூன்று வேளையும் சேர்த்தே ஏழு நாளுக்கு 550தான் வருகிறது. அந்தக் கிராமங்களில் இந்திய உணவகம் கிடைப்பது அரிது. பக்கத்து நகரத்தில் ஏதோ ஒரு கடையோடு ஏற்பாடு இருக்கும். கடற்கரையில் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், பனீர் மசாலாவுக்காக மாமியாரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுவீர்கள்.

முதலில் தங்கும் இடம். சிங்க்வே டெர்ரே என்பது ஐந்து சின்னக் கிராமங்கள். அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். லிஃப்ட் இல்லாத பழைய வீடுகள், படிகள் வேறு. ஐந்தில் ஒன்றான கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்து போக 300க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மாமியாரோடு போகிறவர்கள் ‘கடல் தெரியுமா’ என்று கேட்பதற்கு முன் ‘எத்தனை படி’ என்று கேளுங்கள். அங்கே இரண்டு அறைக்குக் கொடுக்கும் பணத்தில், தெற்கே லா ஸ்பெட்சியாவிலோ வடக்கே லெவந்தோவிலோ சமையலறையோடு ஒரு முழு வீடே கிடைக்கும். லா ஸ்பெட்சியாவிலிருந்து முதல் கிராமமான ரியோமஜ்ஜோரேவுக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கிட்டத்தில் இருக்கிறதே, டிக்கெட் சில்லறைக் காசுதான் என்று நினைத்துவிட வேண்டாம். சீசனில் இந்தப் பாதைக்குத் தனிக் கட்டணம். நாள் முழுக்க ஏறி இறங்கும் கார்டின் விலையும் நாளுக்கு நாள் மாறும். அதைப் பயணச் செலவில் எழுதுங்கள், இதில் கலக்காதீர்கள்.

நம் பள்ளி விடுமுறை உங்களுக்குச் சாதகம். ஆகஸ்டில் இத்தாலியே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய பண்டிகை, அந்த வாரத்து வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். மே அப்படியில்லை. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய மூன்றும் அங்கே அரசு விடுமுறை. அவற்றை ஒட்டிய வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நால்வருக்கான வீட்டுக்கு ஓர் இரவுக்கு 130 யூரோ என்று வைத்தால் ஏழு இரவுக்கு 910. இதற்கு மேல் இரண்டு செலவு உண்டு. ஒன்று, வீட்டைச் சுத்தம் செய்யும் கட்டணம். இது பதிவு செய்யும்போது கடைசிப் பக்கத்தில்தான் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, ஊராட்சி வாங்கும் தங்கும் வரி. பெரியவர்களுக்குத் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெரும்பாலும் போய் இறங்கியதும் ரொக்கமாகக் கேட்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்குமாக 100 யூரோ ஒதுக்குங்கள்.

ஏமாற்று வேலை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தாலியில் 2025 முதல் சுற்றுலா வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் அரசு கொடுத்த அடையாள எண் இருக்க வேண்டும், அது விளம்பரத்திலும் தெரிய வேண்டும். எண் இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். “ஆப் வழியாக வேண்டாம், நேராக பேங்கில் போட்டால் பத்து சதவீதம் குறைக்கிறேன்” என்று வீட்டுக்காரர் எழுதினால், பதில்கூடப் போடாதீர்கள்.

சாப்பாட்டில் பணம் போவது பெரும்பாலும் நாற்காலிக்குத்தான். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே காபி கடல் பார்த்த மேசைக்கு வந்தால் இரண்டு மூன்று மடங்காகும். உணவகத்தில் உட்கார்ந்ததுமே தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கைக் கட்டணம். தண்ணீருக்கும் காசு. மத்தியானம் நாற்காலியை மறந்துவிடுங்கள். அந்தக் கரையோரத்தின் சொந்தச் சாப்பாடான ஃபொக்காச்சா ரொட்டியையும் ஃபரினாட்டாவையும் கடையில் துண்டு போட்டுத் தருவார்கள். ஃபரினாட்டா என்பது கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கையும் கலந்து பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. மாமியாருக்கு இதைவிட நிம்மதியான சாப்பாடு அங்கே இல்லை. நால்வருக்கு 25 யூரோவில் மத்தியானம் முடிந்துவிடும்.

இரவு மூன்று நாள் வெளியே, நான்கு நாள் வீட்டில் சமையல். வெளியே நால்வரும் ஆளுக்கொரு பாஸ்தா அல்லது பீட்சா, தண்ணீர், இருக்கைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 65 யூரோவுக்குள் அடங்கும். நீங்களும் கணவரும் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. மெனுவில் மீனுக்கு நேரே 8 என்று மட்டும் கண்ணில் படும். பக்கத்தில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருக்கும். தட்டில் வருவது 900 கிராம் மீன் என்றால் 72 யூரோ. எடை போட்டு, மொத்த விலையைக் கேட்ட பிறகுதான் தலையாட்ட வேண்டும்.

அடுத்த பொறி பில் கட்டும்போது. கார்டு மெஷின் திரையில் யூரோ ஒரு பக்கம், ரூபாய் ஒரு பக்கம் என இரண்டு தொகை தெரியும். ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஊர்க்காரரைக் கண்ட மாதிரி ஒரு பாசம் வரும், விரல் அங்கே போகும். அந்த ரூபாய்த் தொகையில் அவர்களுடைய மாற்று விகிதமும் லாபமும் உட்கார்ந்திருக்கின்றன. எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே விளையாட்டுதான். சிப்பந்தி உங்களுக்காக அழுத்த வந்தால் மெஷினைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, காலைச் சாப்பாடு, காபி, சமையல் சாமான் எல்லாம் சேர்த்து சமைக்கும் நாளுக்கு 55, வெளியே சாப்பிடும் நாளுக்கு 110. நான்கும் மூன்றுமாகச் சேர்த்தால் 550. தங்க 1,010. மொத்தம் 1,560 யூரோ. கார்டு கட்டணத்தையும் சேர்த்து யூரோவை 110 ரூபாய் என்று போட்டால் 1,71,600 ரூபாய். இரண்டு லட்சமாக எடுத்து வையுங்கள்.

டின்னர் வேண்டாம் என்றதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. லெவந்தோ போன்ற ஊர்களில் குடும்பமாக நடத்தும் சில ஹோட்டல்களில் அறை, காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு மூன்றும் சேர்த்து ஒரு விலை சொல்வார்கள். சமைக்கவே முடியாது என்று நீங்கள் சொன்னால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் விலை அறைக்கா, ஆளுக்கா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆளுக்குத்தான். பையனுக்குக் குறைப்பார்களா என்று கேளுங்கள். குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் சேராது. சாப்பிடாத இரவுக்குப் பணம் திரும்பாது. சைவம் என்றால் இறைச்சி, மீன், நெத்திலி, முட்டை, இவற்றில் கொதித்த சூப் எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி மெயிலில் சம்மதம் வாங்குங்கள். அங்கே நெத்திலியைப் பலர் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தச் சம்மதத்தை வாங்கித் தர முடியாத ஏஜென்ட் எதற்கு?

ஏஜென்ட் என்றதும் விசா ஞாபகம் வருகிறது. போவோமா என்று தெரிவதற்கு முன்பே எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்டு என்கிறார்கள். விசா கிடைக்காவிட்டாலும் பெரியவர்களுக்குத் தலைக்குக் கட்டிய 90 யூரோ போனது போனதுதான். இந்த அபத்தமான முறையில்தான் ‘டம்மி புக்கிங்’ வியாபாரம் கொழிக்கிறது. ஏஜென்ட் போடும் போலி ரசீதைத் தூதரகம் சரிபார்த்தால் மாட்டுவது உங்கள் பாஸ்போர்ட், அவருடையது அல்ல. பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய அறையை நீங்களே, நால்வர் பெயரும் வருமாறு பதிவு செய்யுங்கள். கொஞ்சம் விலை கூடும், பரவாயில்லை.

சமையல் சாமான் எடுத்துப் போவதில் கவனம். பருப்பு, இட்லிப் பொடி, ரசப்பொடி தாராளமாகப் போகலாம். நெய், பால்கோவா, கறிவேப்பிலை மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது, சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குப் போகும். வாடகை வீட்டில் குக்கர் இருக்காது, சின்னதாக ஒன்றைப் பெட்டியில் வையுங்கள்.