முனியாண்டி ஏறிய லாரி

அன்புள்ள அக்கா,

ஸ்பேஸ் ஓபரா, அதாவது விண்கப்பலும் கிரகங்களும் போரும் நிறைந்த அறிவியல் கதை என்றால் விடாமல் படிக்கிறவன், பார்க்கிறவன் நான். ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலைக் கற்பனை செய்கிறவர்கள், அதற்குள் ஏன் தீர்க்கதரிசியையும் பூசாரியையும் ஏற்றுகிறார்கள்? இது சோம்பேறித்தனம் இல்லையா? மதமே இல்லாத எதிர்காலத்தைத் தமிழிலாவது எழுத முடியாதா? இந்த வகையில் படிக்கவேண்டிய பத்து நாவல்களையும் சொல்லுங்கள்.

க., பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

பட்டியல் கிடையாது. பட்டியல் கேட்கிறவர்கள் படிப்பதில்லை. மதமில்லாத எதிர்காலமா, தாராளமாக எழுது, யார் உன் கையைப் பிடித்தது?

ஆனால் சோம்பேறித்தனம் என்றாயே, அதுதான் உறுத்துகிறது. 1965இல் வந்த ‘டியூன்’ நாவலில் தீர்க்கதரிசி வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒரு பெண்கள் சபை கிரகம் கிரகமாக ஆள் அனுப்பி, ஒருவன் வருவான் என்ற கதையை முன்கூட்டியே விதைத்து வைத்திருக்கிறது, பிற்பாடு தங்கள் ஆள் யாராவது அங்கே மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. மதத்தை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டுகிற நாவல் அது. நீ படத்தை மட்டும் பார்த்திருப்பாய். கோபித்துக்கொள்ளாதே.

என் குறை வேறு. இவர்களுடைய கப்பல்களில் தீர்க்கதரிசி இருக்கிறான், புனிதப்போர் இருக்கிறது, இன்றைக்கு விளக்கேற்றுகிற நேரம் எது என்று கேட்க ஒரு கிழவி இல்லை. 2007 அக்டோபரில் நம்ம மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அது நோன்பு மாதம். நிலையம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளைக்குப் பதினாறு விடியல். ஐந்து வேளைத் தொழுகைக்கு எந்த விடியலைக் கணக்கு வைப்பது? இங்கே மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து பேசி ஒரு கையேடே போட்டார்கள். கப்பல் கிளம்பிய ஊரின் 24 மணி நேரம்தான் கணக்கு. தொழும்போது முடிந்தால் மக்காவில் இருக்கிற காபாவை நோக்கு, இல்லையா, அதற்கு நேர்மேலே, அதுவும் முடியாவிட்டால் பூமியை நோக்கி, எதுவுமே முடியாவிட்டால் எந்தப் பக்கமானாலும் சரி. தொழுகைக்கு முன் சுத்தம் செய்துகொள்ளத் தண்ணீரும் மண்ணும் இல்லாத இடத்தில் சுவரிலோ கண்ணாடியிலோ உள்ளங்கையைத் தட்டிக்கொள்ளலாம். கண்ணாடியில் கை தட்டுகிற அந்த ஒரு வரிக்கு ஈடாக நான் படித்த எந்த ஸ்பேஸ் ஓபராவிலும் எதுவும் இல்லை தம்பி!

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவள். தகரப்பெட்டியில் இரண்டு சேலை, முந்தானையில் குலசாமி கோயில் மண் ஒரு பிடி. நாலாபக்கமும் தண்ணீர், எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது? கப்பல்காரன் ஒருவனைக் கேட்டிருக்கிறாள், அவன் பின்பக்கம் கைகாட்டினான். அன்றிலிருந்து கரை சேரும்வரை வாந்தியோடு வாந்தியாகக் கப்பலின் வாலைக் கும்பிட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்வாள். அந்த மண்ணைக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் கொட்டிக் கல் நட்டார்கள். முனியாண்டி. வருடத்துக்கு ஒரு கிடா, மற்ற நாளில் சுருட்டு.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த வருடம் தோட்டம் கைமாறியது, வீடு கட்டப் போகிறோம், பதினைந்து நாளில் கோயிலைக் கிளப்புங்கள் என்று கடிதம் வந்தது. லாரி பிடித்து, முனியாண்டியைக் கோணிச் சாக்குமேல் உட்காரவைத்து, பாட்டி மட்டும் மரத்தடி மண்ணை ஒரு மைலோ டின்னில் அள்ளிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். புது இடத்தில் தகராறு. கிழக்கே பார்த்து வைத்தால் எதிரே பெரிய சாக்கடை. சாமி சாக்கடையைப் பார்க்கலாமா? பூசாரி ஒன்று சொல்ல, கமிட்டித் தலைவர் ஒன்று சொல்ல, முனியாண்டி மூன்று ராத்திரி லாரியிலேயே இருந்தார். லாரிக்காரர் சீனர். தினம் வந்து எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று மலாயில் கேட்பார். மூன்றாம் நாள் காலையில் போனால் மைலோ டின் மண்ணில் பாட்டி வைத்த சுருட்டுப் பக்கத்தில் அவருடைய மூன்று ஊதுபத்தியும் புகைந்துகொண்டிருக்கிறது. நாள் வாடகையில் மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை.