காசாவிலும் பக்கத்து இஸ்ரேலிய ஊர்களிலும் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்?

காசா எல்லையை ஒட்டிய ஸ்டெரோட் ஊரின் விளையாட்டுத் திடலில் ஒரு பெரிய கம்பளிப்பூச்சி கிடக்கிறது. வண்ணம் பூசிய கான்கிரீட், உள்ளே பதுங்கலாம். காசாவிலிருந்து ராக்கெட் வருகிறது என்று சைரன் கேட்டால், ஒளிய சுமார் 15 விநாடிதான். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் அந்தப் பகுதியில் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள், பணயமாகவும் கொண்டுபோகப்பட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம், காசாவில், சைரனும் இல்லை, பொதுமக்களுக்குப் பதுங்குமிடமும் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஓடி ஒதுங்கிய பள்ளிக்கூடங்களிலும் குண்டு விழுந்திருக்கிறது. காசா மீது இஸ்ரேலின் முற்றுகை தொடங்கிய 2007-இல் அங்கே பிறந்த பிள்ளை, 2008, 2012, 2014, 2021 போர்களைப் பார்த்துவிட்டுத்தான் 2023-க்கு வந்தது. அந்த அக்டோபரில் சில பெற்றோர் பிள்ளைகளின் கையிலும் காலிலும் பேனாவால் பெயர் எழுதிவைத்தார்கள், செத்தால் அடையாளம் தெரியட்டும் என்று.