அலுமாரிக்கு மேல் இருந்த படம்

அன்புள்ள ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்கிற வைத்திய நிபுணராக ஆசை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணா, "நீ படித்து முடிப்பதற்குள் கம்பியூட்டரே அதைச் செய்துவிடும்" என்கிறார். உண்மையா?

ஒரு மாணவி, ஹட்டன்

அன்புள்ள தங்கச்சி,

அண்ணாவுக்கு முன்பே இதைப் பெரிய ஆள் ஒருவர் சொல்லிவிட்டார். கதிரியல் நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்துங்கள், 5 வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் பேசினார். 2024இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன 5 வருடமும் போய்விட்டது. நிபுணர்களுக்கான தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை.

அதற்காக அது வெறும் பேச்சும் இல்லை. சுவீடனில் 80,000 பெண்களின் மார்பகப் படங்களை வைத்து நடந்த சோதனையில், கணினி துணை நின்ற பக்கத்தில் வைத்தியர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்கள் குறையவில்லை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைத் தேடும் முதற்கட்டத்தில், நெஞ்சுப் படத்தை மனிதருக்குப் பதிலாகக் கணினியே பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021இல் சொல்லிவிட்டது. எங்கள் மலைப்பக்கத்துக்கு இது நல்ல செய்தி. படம் எடுத்தும், பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் உறை மேசையில் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஆனால் என் அம்மாவின் கதை வேறு. ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். விடாத இருமல் என்று படம் எடுத்தால், வலது பக்கம் மேலே ஒரு நிழல். நிபுணர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொன்னார்: "பழைய படம் இருக்கா அம்மா?"

இருந்தது. லயத்தில், அலுமாரிக்கு மேல், பல வருடங்களுக்கு முன் காசநோய்க்கு மருந்து குடித்தபோது எடுத்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே நிழல், அதே அளவு. ஆறிய தழும்பு. சளியையும் சோதித்தார்கள், கிருமி இல்லை.

கணினி தடுமாறுகிற இடமும் இதுதான். காசநோய் வந்து ஆறியவர்களை மறுபடியும் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பது அதற்கு அதிகம். பழைய படத்தோடு ஒப்பிட அதையும் பழக்கலாம், பழக்குவார்கள். சரி, அலுமாரிக்கு மேல் ஒரு உறை இருப்பதை அதற்கு யார் சொல்வது? அன்று அந்தத் தாதி லீவில் இருந்திருந்தால் அம்மாவுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது.

அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கிற நிபுணராக நீங்கள் வாருங்கள். அண்ணாவோடு சண்டை வேண்டாம், கணினி பற்றி அவரிடமே கொஞ்சம் கேட்டுப் படியுங்கள். எப்படியும் அதோடுதான் வேலை செய்யப்போகிறீர்கள். அப்புறம், வீட்டில் பழைய எக்ஸ்ரே ஏதும் இருந்தால், கிரகணம் பார்க்க என்று தம்பிமார் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.