அவரும் வரட்டும்

வணக்கம் அக்கா,

கல்லூரி நாளிலிருந்து உங்களை வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. எனக்கு வயது 34. கல்யாணமாகி ஐந்து வருடம். சொந்த ஊர் சுங்கைப் பட்டாணி, இப்போது கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். இன்னும் குழந்தை இல்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாகிவிட்டது. கொஞ்சம் நீர்க்கட்டி இருக்கிறது என்று எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) ஒரு மக்சிக்கிடம், அதாவது வயதான மலாய் அம்மாவிடம் போய் வயிற்றை நீவிக்கொண்டேன். மாமியார் சொன்னதால் நாகதோஷப் பரிகாரமும் ஆயிற்று. இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். என் கணவர் நல்லவர், இதைப்பற்றி ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. தினமும் ஜிம்முக்குப் போகிறவர், ஆரோக்கியமானவர். அவர்கள் பரம்பரையில் யாருக்கும் இப்படி இருந்ததில்லையாம். என் குறையால் அவரும் கஷ்டப்படுகிறாரே என்பதுதான் என் வேதனை. போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோழிக்கு வளைகாப்பு. சந்தனம் பூச நான் எழுந்தபோது ஒரு வயதான அம்மா, "நீ அப்புறம் வாம்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து யாருடனும் பேசப் பிடிக்கவில்லை.

என்னைப் போன்ற பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேசுகிறார்களாம். போகலாமா? நம்மவர்கள் சின்ன வட்டம், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பப்பாளி, அன்னாசி சாப்பிடக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா? மகளாக நினைத்துப் பதில் எழுதுங்கள்.

ச.

*

அன்புள்ள ச.,

போ. அங்கே தெரிந்த முகம் இருந்தால் இருக்கட்டும். அவளும் அதே காரியத்துக்குத்தான் வந்திருப்பாள், வெளியே போய் உன் கதையைச் சொன்னால் தன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியாதா? பழுத்த பப்பாளி உனக்குப் பிடித்தால் சாப்பிடு. நாகதோஷத்தையும் மக்சிக்கையும் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. மகளாக நினைக்கச் சொல்லிவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கொஞ்சம் திட்டவும் திட்டுவேன்.

உன் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது, உன் கணவர் வரும் இடங்களுக்கு மட்டும் கீழே கோடு போட்டேன். நல்லவர். ஜிம்முக்குப் போகிறவர். கஷ்டப்படுகிறார். முடிந்தது. ரத்தம் உன்னுடையது, கருக்குழாய் உன்னுடையது, ஜாதகம் உன்னுடையது, நீவிய வயிறும் உன்னுடையது. அவர் ஏதாவது ஒரு கிளினிக்கில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அவருக்கு விந்துப் பரிசோதனை செய்தீர்களா? செய்திருந்தால் எழுதியிருப்பாய். எட்டு மாதம் மாத்திரை கொடுத்த டாக்டர் கேட்காமலா இருந்திருப்பார்? கேட்டிருப்பார், நீதான் "அவருக்கு லீவு கிடைக்கவில்லை டாக்டர்" என்று சொல்லி வந்திருப்பாய். இது என் ஊகம். நான் நினைப்பது தப்பு என்றால் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுது, அப்படியே போடுகிறேன்.

உனக்கு இப்படி உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் எங்கள் குளிம் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். என் அப்பாவின் அண்ணனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவரைப் பெரியம்மா என்போம். இளையவர் குளிமிலிருந்து வந்ததால் குளிம் பெரியம்மா. நிபோங் தெபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீடு, அங்கேதான் எல்லாம் நடந்தது.

பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் புழு பூச்சி ஒன்றும் தங்கவில்லை. கேட்காதவர் கிடையாது. பால்மரம் வெட்டப் போகும் வழியில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டு அம்மாகூடக் கேட்பார். பெரியம்மா வேப்பங்கொழுந்து தின்றார், செவ்வாய் வெள்ளி பட்டினி கிடந்தார், தோட்டத்து மாரியம்மன் கோயிலை ஈரப்புடவையோடு உருண்டு வலம் வந்தார், பினாங்குக்குக் கப்பலேறி வந்து தண்ணீர்மலை ஏறினார். பிறகு பாட்டி பேச்செடுத்தார். அந்தக் காலத்தில் இதற்குச் சட்டத் தடையும் இல்லை. முஸ்லிம் அல்லாதார் இன்னொரு கல்யாணம் செய்யக் கூடாது என்ற சட்டம் மலேசியாவில் 1982 மார்ச் மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. குளிமில் பெண் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தது பெரியம்மா.

இரண்டு வருடம் போயிற்று, மூன்று வருடம் போயிற்று. குளிம் பெரியம்மாவுக்கும் ஒன்றும் இல்லை.

நான் பெரியவளான பிறகு பெரியம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அவளுக்கும் இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு, சாமி சத்தியமா சொல்றேன், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நல்லா வேணும்னு நெனச்சேன். மறுநாள் காலையில அவ வேப்பங்கொழுந்து பறிச்சுக்கிட்டு நின்னா. வாங்கிக் கீழ போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் இரண்டு நிரை மரத்தையும் சேர்த்து வெட்டுவார். யாராவது "விசேஷம் உண்டா" என்று குளிம் பெரியம்மாவைக் கேட்டால் பெரியம்மா குறுக்கே வந்து, "ஏன், ஒன் வீட்ல அரிசி மிச்சமா?" என்பார். பெரியப்பா போன பிறகும் ஒரே வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடிப் பேசும் பெண்களைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

பாட்டி ஒரு கதை அடிக்கடி சொல்வார். பெரியப்பாவுக்கு இருபது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். கழுத்து வீங்கியது வற்றி, பிறகு கீழே விரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாராம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கைவிரித்துவிட்டாராம், மாரியாத்தாதான் பிள்ளையைத் திருப்பித் தந்தாளாம். இதைப் பாட்டி இரண்டு மருமகள்களையும் எதிரே வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே கூடினாலும் சொல்வார். நாங்கள் குழந்தைகள், விரை என்றதும் சிரிப்போம். வயது வந்த ஆணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து விரையைத் தாக்கினால் சிலருக்கு விந்தணு குறையலாம் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, அடியோடு இல்லாமல் போவது அபூர்வம். பெரியப்பாவுக்கு அதுதான் காரணமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். இரண்டு பெண்களின் வயிற்றைச் சோதித்த வீட்டில் அவர் ஒரு நாள்கூட டாக்டர் முன்னால் போய் நிற்கவில்லை. போன மாதம் காரியத்துக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், குளிம் பெரியம்மாவைப் பற்றிப் பேசும்போது, "பாவம், அதுக்கும் ராசி இல்ல" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது நீ எழுதுகிறாய், 'என் குறையால்' என்று. யார் பார்த்துச் சொன்னார்கள்? கொஞ்சம் நீர்க்கட்டி எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, அதோடு பிள்ளை பெற்றவர்கள் செந்தூலிலேயே உன் தெருவில் இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிக்கல் வருகிறது. பிள்ளை உண்டாகாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ பெண் பக்கத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. பாதி! அப்படியிருக்க, வலியில்லாத, ஊசி இல்லாத, ஒரே காலையில் முடிகிற அந்தச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கருக்குழாயில் மருந்து ஏற்றும் சோதனைக்கு உன்னை அனுப்பினார்களே, அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த எக்ஸ்ரேயின்போது உனக்கு வலித்ததா என்று நீ எழுதவில்லை. பலருக்கு வலிக்கும்.

அந்தச் சோதனையை விளக்கமாகவே எழுதுகிறேன். கணவரிடம் இதை அப்படியே காட்டு. இரண்டு நாளுக்குக் குறையாமல் ஏழு நாளுக்கு மிகாமல் உறவைத் தவிர்க்க வேண்டும். கிளினிக்கில் அதற்கென்று ஓர் அறை இருக்கும், ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா தருவார்கள். அங்கே கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுத்து, உடம்புச் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். எத்தனை இருக்கின்றன, எத்தனை நீந்துகின்றன, வடிவம் எப்படி என்று மூன்றையும் பார்ப்பார்கள். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் இடிந்துபோக வேண்டாம், திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஒரு விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் போல ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த டெங்கிக் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் கீழே இறக்கியிருக்கலாம். விரைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கியிருந்தால் அதற்கு ஆப்பரேஷன் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் ஒரே ஒரு விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை 1990-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பூஜ்யம் என்று வந்தால்கூடச் சிலருக்கு விரையிலிருந்தே நேரடியாக எடுக்க முடிகிறது. இவ்வளவு வழி இருப்பது, முதலில் அந்த டப்பாவைக் கையில் வாங்குகிறவனுக்கு.

நம் ஆண்களைப் பற்றி எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. தைப்பூசத்தன்று முதுகு நிறையக் கொக்கி மாட்டிக்கொண்டு, கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்த வேலோடு, பத்துமலையின் 272 படியையும் கண் கலங்காமல் ஏறுகிறான். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறான். அந்த மனுஷனிடம் டப்பாவைக் கொடுத்தால் முகம் வெளிறிப்போகிறது. ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு வீடே காவல் நிற்கிறது, அம்மா நிற்கிறார், பரம்பரைப் பெருமை நிற்கிறது, 'ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை' என்று நீயும் நிற்கிறாய். எந்தக் குற்றத்துக்காக அவர் உன்னைக் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது? அவர் பேசாமல் இருப்பதை நீ கருணை என்று கணக்கில் எழுதிக்கொள்கிறாய்.

'பரம்பரையில் யாருக்கும் இல்லை' என்பதை நான் ஒரு காசுக்கு மதிக்கமாட்டேன். பரம்பரையில் பிள்ளை இல்லாதவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? எங்கள் பாட்டிக்குப் பெயரன் பேத்திகள் நூறு பேர் இருக்கிறோம், எல்லாரும் பெரியப்பாவின் தம்பி தங்கைகளின் வழி.

ஜிம்மைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். பால் பவுடர்தான் குடிக்கிறாரா, இல்லை, யாராவது ஊசி போடுகிறார்களா? உடம்பு ஏறுவதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள் இங்கே பினாங்கிலும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்ததும், மூளை விரைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது, விந்தணு உற்பத்தி விழுந்துவிடுகிறது. மார்பும் தோளும் மலை போல இருக்கும், ரிப்போர்ட்டில் ஒன்றும் இராது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். உன் கணவர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. கேள். சிகரெட்டையும் சேர்த்துக் கேள்.

உனக்கு 34. 35-க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றாலே சோதனைக்கு வரச் சொல்கிறார்கள், அதற்கு முன் என்றால் ஒரு வருடம். கருமுட்டைக்கு வயது ஏறுகிறது, அது யாருடைய லீவுக்கும் காத்திருக்காது. கோலாலம்பூர் ஜாலான் ராஜா லாவுட்டில் எல்.பி.பி.கே.என். என்கிற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் இருக்கிறது. குழந்தையின்மைச் சிகிச்சைக்கென்று அவர்களுக்கு கிளினிக் உண்டு. முதல் அப்பாயின்மெண்டிலேயே இரண்டு பேர் பெயரையும் கொடு. செலவு என்று யாராவது முனகினால், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ., சோதனைக்குழாய் முறையான ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க 2020 முதல் வழி இருக்கிறது என்று சொல். அவருடைய கணக்கிலிருந்தும் எடுக்கலாம். வருமான வரிக் கழிவிலும் இது சேரும், பில்களைப் பத்திரமாக வை.

வளைகாப்பில் தட்டை வாங்கிய அந்த அம்மாவை விட்டுத்தள்ளு. ஆனால் அந்தத் தோழி? அவள் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள்? இனி மனம் இல்லாத வளைகாப்புக்குப் போகாதே, ஒரு வளையல் பெட்டியை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கு. யாருடனும் பேசப் பிடிக்காத நாள்கள் நீண்டுகொண்டே போனால் கிளினிக்கில் கவுன்சலரைக் கேள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் மனக்கஷ்டத்தைக் கேட்கும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பால்குடம் தாராளமாக எடு. எனக்கு முருகனோடு வழக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் சிகிச்சை தொடங்கியிருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவரும் பக்கத்தில் ஒரு குடத்தோடு வரட்டும். தைப்பூசத்துக்கு முன்னால் அந்த ரிப்போர்ட் வந்திருக்க வேண்டும். வந்ததும் எனக்கு எழுதுங்கள். இந்த முறை கடிதத்தை அவர் எழுதட்டும், கையெழுத்து எப்படி இருந்தாலும் வாசித்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா