பத்துப் பேர் வந்து நிற்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளின் நெருங்கிய தோழி யூதக் குடும்பத்துப் பெண். போன மாதம் பள்ளிக் கழிப்பறைச் சுவரில் யாரோ ஸ்வஸ்திகாவை வரைந்து, யூதர்களைக் கொல்லச் சொல்லி எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண் பள்ளிக்கு வரவே பயப்படுகிறாள். அவர்களுடைய ஜெப ஆலய வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்கிறார். கதவை அடைத்துக்கொள்வதைத் தவிர ஒரு சமூகம் வேறென்ன செய்ய முடியும்? அந்தக் குடும்பத்துக்கு எது உண்மையில் உதவும்? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில், யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று, ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒருவன் ஜெப ஆலயத்துக்குள் சுட்டுக்கொண்டே நுழையப் பார்த்தான். பூட்டிய கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இரண்டு பேரைக் கொன்றான். ஆகவே காவலர் நிற்பதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஆனால் கதவு உயிரைக் காப்பதோடு சரி. அதற்கு அப்புறம் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்கு வெங்கடேஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். அதே ஊரின் ஸ்குவிரல் ஹில் பகுதியில் 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூத்தவருக்கு வயது 97. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். மரபைக் கடைப்பிடிக்கும் யூத குருமார் (ரபிகள்) அன்று கைபேசி வைத்துக்கொள்வதில்லை. பாதுகாப்புப் பயிற்சி தந்தவர் வற்புறுத்தியிருந்ததால் ரபி ஜெஃப்ரி மையர்ஸ் அன்று வைத்திருந்தார். அதிலிருந்துதான் போலீஸை அழைத்தார்.

இறந்தவரின் உடலை அடக்கம் வரை தனியாக விடக்கூடாது என்பது யூத மரபு. உடல்கள் பிரேதப் பரிசோதனைக்குப் போனபோது, தன்னார்வலர்கள் முறைவைத்து அங்கே போய் உட்கார்ந்து யூத வேதத்தின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களை ஓதினார்கள். அடக்கம் முடிந்ததும் குடும்பம் ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் காக்கும். அதற்கு ஷிவா என்று பெயர். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும் என்று நம் ஊரில் இருக்கிறதே, அப்படித்தான் அங்கும். போகிறவர்கள் தாமாக ஆறுதல் வார்த்தை தொடங்குவதில்லை. துக்கப்படுபவர் பேசும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இறந்தவருக்கான கதிஷ் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் வீடு தேடி வந்தாக வேண்டும். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் உதவி கேட்டு வெளியே வரவேண்டிய நிலை வரக்கூடாது.

பிறகு பணம் வந்து குவிந்தது. முஸ்லிம் அமைப்புகள் மட்டுமே 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தன. அங்குள்ள யூதக் கூட்டமைப்பு, தன்னிடம் வந்த பணத்தைப் பிரிக்கும் வேலையைத் தனிக்குழுவிடம் விட்டது. இது பெரிய விஷயம். துக்கத்துக்கு நடுவில் பணக்கணக்கு நுழைந்தால் சொந்தபந்தமே உடைந்துபோகும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கான மனநல ஆலோசனை மையத்தை யூதர் சமூக மையத்துக்குள்ளேயே 2019-இல் திறந்தார்கள். நீச்சலுக்கும் உடற்பயிற்சிக்கும் ஜனங்கள் வந்துபோகிற கட்டடம் அது. மனநல ஆலோசனைக்குப் போகிறோம் என்ற கூச்சம் அங்கே பாதி குறைந்துவிடும். அதை அவசரமாக மூடாததும் நல்லதாகப் போயிற்று. கொலையாளி மீதான வழக்கு விசாரணை 2023-இல்தான் நடந்தது. பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மரண தண்டனை வேண்டும் என்றன பெரும்பாலான குடும்பங்கள். வேண்டாம் என்றும் சிலர் எழுதினார்கள். எல்லாரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று துக்கப்படுபவர்களிடம் எதிர்பார்ப்பதே கொடுமை.

சரி, உங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? 1993-இல் மொண்டானா மாநிலத்தின் பில்லிங்ஸில் ஒரு யூதச் சிறுவனின் அறை ஜன்னலைக் கல்லால் உடைத்தார்கள். ஜன்னலில் ஹனுக்கா பண்டிகையின் மெனோரா விளக்குப் படம் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை முழுப்பக்கத்துக்கு மெனோராவை அச்சிட்டது. யூதர்கள் மிகக் குறைவாக இருந்த அந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகள் அதை வெட்டி ஜன்னலில் ஒட்டின. அதற்காகச் சில வீடுகளின் ஜன்னலும் உடைந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

உங்கள் பள்ளியில் சுவரை வெள்ளையடித்துவிட்டு விஷயத்தை முடிக்கப் பார்ப்பார்கள். படம் எடுத்துப் பதிவு செய்தீர்களா, எல்லாப் பெற்றோருக்கும் தெரிவித்தீர்களா என்று கேட்டு நீங்களும் வேறு சில பெற்றோரும் எழுதுங்கள். யூதப் பெற்றோர் மட்டுமே எழுதும்படி விடாதீர்கள். இன்னொன்று, ஸ்வஸ்திகா நம் பூஜை அறையிலும் இருக்கலாம். நமக்கு அது என்ன, நாஜிகள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று உங்கள் மகளுக்கு இரண்டையும் விளக்குங்கள். ஆனால் அந்தத் தோழியிடம் "அது எங்கள் புனிதச் சின்னம்" என்று இப்போது ஆரம்பிக்க வேண்டாம். உண்மைதான், ஆனால் அதற்கு இது நேரமில்லை.

அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதைவிட, "திங்கட்கிழமை காலை இரண்டு பேரையும் நானே பள்ளியில் விடுகிறேன்" என்பது உதவும். கோஷர் என்ற யூத மதச் சாப்பாட்டு முறை பார்ப்பவர்களா என்று தெரியாவிட்டால் சமைத்தது வேண்டாம், வெட்டாத பழங்களாக எடுத்துப் போங்கள்.