ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த ரேடியோ ஆண்டெனா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் யூ.எச்.எஃப். (குறுகிய அலை), வி.எச்.எஃப். (அதைவிட நீண்ட அலை) என்று இரண்டு இருவழி ரேடியோக்கள் வைக்கப் போகிறேன். 9 டெசிபல் ஆண்டெனா வாங்கி புல்பாரில் (வண்டியின் முன்பக்கக் காப்புச் சட்டத்தில்) மாட்டுங்கள், தூரம் பேசும் என்கிறார் கடைக்காரர். கூரையில் துளை போட்டு மாட்டு என்கிறார் நண்பர். துளை போட எனக்கு மனம் வரவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த 9 டெசிபலைப் பார்ப்போம். ஆண்டெனா அலையை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. டெசிபல் கூடிய ஆண்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போகிற அலையைக் குறைத்து, தொடுவானத்தை நோக்கித் தட்டையாக அனுப்புகிறது, அவ்வளவுதான். சமவெளியில் அது நல்லதுதான். மலைப்பாதையில் நீங்கள் பள்ளத்திலும் கூட வருபவர் மேட்டிலும் இருந்தால், அலையின் பெரும்பகுதி அவருக்குக் கீழே போய்விடும். வண்டி சரிவில் சாய்ந்து நிற்கும்போதும் இதே நிலைதான். மேடுபள்ளங்களில் ஓட்டுபவருக்கு 3 முதல் 6 டெசிபல் போதும். அட்டையில் உள்ள எண் டிபிஐ கணக்கா (எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்பும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டது), டிபிடி கணக்கா (டைபோல் என்ற எளிய ஆண்டெனாவோடு ஒப்பிட்டது) என்றும் கேளுங்கள். ஒரே ஆண்டெனாவுக்கு டிபிஐ கணக்கில் 2.15 கூடுதலாக வரும்.

எண்ணை விட இடம் முக்கியம். கூரையின் நடுதான் சிறந்த இடம் என்று உங்கள் நண்பர் சொல்வது சரி. உயரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கால் அலை ஆண்டெனாவுக்கு (அலை நீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பிக்கு) அடியில் இருக்கும் உலோகத் தகடு, ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. சுற்றிலும் கால் அலை நீளத்துக்காவது தகடு பரவியிருக்க வேண்டும். 477 மெகாஹெர்ட்ஸ் யூ.எச்.எஃப். என்றால் இந்த நீளம் 16 செ.மீ. அளவுதான். 145 மெகாஹெர்ட்ஸ் வி.எச்.எஃப். என்றால் அரை மீட்டரைத் தாண்டும். அதனால் கூரை அதிகம் தேவைப்படுவது வி.எச்.எஃப்.-க்குத்தான். யூ.எச்.எஃப்.-ஐ, தகடு தேவைப்படாத வகை ஆண்டெனாவாக வாங்கி, ஸ்பிரிங் அடியோடு புல்பாரில் வைக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருப்பதும் நல்லது. 145-இன் மூன்று மடங்கு 435 அல்லவா? வி.எச்.எஃப்.-இல் நீங்கள் பேசும்போது அதன் மும்மடங்கு அலை யூ.எச்.எஃப். பக்கம் போய் விழும்.

துளை போட மனமில்லையா, போட வேண்டாம். வி.எச்.எஃப். ஆண்டெனாவுக்கு பானட் ஓரத்தில் மாட்டும் பிராக்கெட் போதும். கூரையை விடச் சற்றுக் குறைவாகத்தான் கேட்கும், ஆனால் மழைநீர் இறங்குமோ, துருப்பிடிக்குமோ என்ற கவலை இல்லை. பிராக்கெட் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி செய்யச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சுரண்டிய இடத்தில் துரு வராமல் கிரீஸ் தடவட்டும். கூரைதான் வேண்டும் என்று பிறகு மனம் மாறினால், பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் இடமும் வயர் போகும் வழியும் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய கேபிள் யூ.எச்.எஃப்.-இல் சக்தியை நிறையவே தின்றுவிடும். நீளத்தைத் தேவைக்கு மேல் விடாதீர்கள், கதவிடுக்கில் நசுங்கவும் விடாதீர்கள். ரேடியோவுக்கு மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, அதன் அருகிலேயே ஃப்யூஸ் வைத்து வரட்டும்.

கேள்வி: காந்த அடி ஆண்டெனா போதாதா?

பதில்: இரும்புக் கூரை என்றால் தற்காலிகமாகப் போதும். அலுமினியத்திலும் ஃபைபரிலும் ஒட்டாது. கரடுமுரடான பாதையில் மரக்கிளை தட்டினால் நழுவும், அடியில் தூசி சேர்ந்தால் பெயின்ட்டைக் கீறும்.

எதை மாட்டினாலும், பணம் கொடுக்கும் முன் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (அனுப்பும் சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவியை) வைத்து உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். வண்டியின் எல்லாக் கதவுகளையும் மூடி, நீங்கள் பேசும் அலைவரிசையிலேயே பார்க்க வேண்டும். 1.5-க்குள் இருந்தால் நல்லது. 2 வரை பரவாயில்லை. 3 என்றால் நீங்கள் அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.