புள்ளி மறைந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

மீன் வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறோம். மூன்று கோல்டு ஃபிஷ், ஆறு மோலி, ஒரு சக்கர். கார்த்திகைக் கடைசியில் மகன் ஆசைப்பட்டான் என்று இன்னும் இரண்டு மோலி வாங்கி, பையில் இருந்த தண்ணீரோடு அப்படியே விட்டோம். ஐந்தாம் நாள் எல்லா மீன் மேலும் ரவையைத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உடம்பைத் தேய்க்கின்றன. கடையில் கொடுத்த நீல மருந்தை மூன்று நாள் விட்டேன், புள்ளி போய்விட்டது, நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்து இரண்டு மீன் செத்துவிட்டன. கல்லையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா? மகன் தொட்டிக்குள் கை விடுகிறான், அவனுக்கு ஏதும் வருமா?
ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. பையனுக்கு ஒன்றும் வராது, இந்த ஒட்டுண்ணி மீனை விட்டால் வேறு எதிலும் பிழைக்காது. கை விட்டபிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், போதும். கல்லையும் கொட்ட வேண்டாம்.

இது வெண்புள்ளி நோய், கடைக்காரர்கள் ‘இக்’ என்பார்கள். காரணம் ஒரே ஒரு செல் கொண்ட ஓர் உயிர், பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலீஸ். நிறையப் பிள்ளை பெறும் மீன் பேன் என்று அர்த்தம், பேன் இல்லை என்றாலும் பிள்ளை விஷயத்தில் பெயர் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புள்ளி முட்டையும் இல்லை, புண்ணும் இல்லை. மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிற அந்த உயிரேதான். தின்று முடித்ததும் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, உள்ளே இரண்டு நான்கு எட்டு என்று பிரிந்து நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம் வரைகூடக் குஞ்சுகளாகிவிடும். அவை கூட்டை உடைத்து நீந்திவந்து ஒன்று இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

இதில் மருந்து கொல்வது அந்த நீந்துகிற குஞ்சை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் மருந்து தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அப்படியானால் மூன்றாம் நாள் உங்கள் மீனில் புள்ளி எப்படி மறைந்தது? மருந்தால் இல்லை, தின்று முடித்துவிட்டுத் தானாக இறங்கிப் போனது. நீங்கள் நிம்மதியாகப் பாட்டிலை மூடிவைத்த அந்த நேரத்தில்தான் அடியில் கல்லுக்கு நடுவே அது பெருகிக்கொண்டிருந்தது. நானும் இதே தப்பைச் செய்தவன்தான், செல்லூரில் குடியிருந்தபோது நான்காம் நாள் மருந்தை நிறுத்தி ஏழு ஏஞ்சல் மீன்களைப் பறிகொடுத்தேன். கடைசி மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் கண்ணில் நிற்கிறது, செவுளுக்குள்ளும் புள்ளி இருந்திருக்கிறது, வெளியே பார்த்தால் தெரியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இரண்டடித் தொட்டி என்றால் ஏறக்குறைய 50 லிட்டர், அதற்கு 100 வாட்ஸ் ஹீட்டர் ஒன்றும், கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். மார்கழி ராத்திரியில் நம் ஊரிலும் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும், பகலில் ஏறி இரவில் இறங்கும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன் தளர்கிறது, நோயும் ஏறிக்கொள்கிறது. ஒரே மூச்சில் சூடேற்றாமல் இரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வேகமாக ஓடும், சீக்கிரம் நீந்துகிற நிலைக்கு வரும், நமக்கு அதுதான் வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும் என்றால் பேட்டரியில் ஓடுகிற பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இதில் கஞ்சம் வேண்டாம்.

கூடவே கல் உப்பு. மளிகைக் கடை உப்பே போதும், ஆனால் கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். முதல் நாள் 50 கிராம், தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்துக் கரைத்து, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மோலிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும், கோல்டு ஃபிஷ்ஷும் தாங்கும், சக்கர்தான் கவலை. அது துடிக்காமல் சாதாரணமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு நாளில் இன்னும் 50 கிராம் போட்டு, லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். செடி இருந்தால் வாடலாம், எடுத்துத் தனி வாளியில் போடுங்கள். மீன் இல்லாத வாளியில் இரண்டு வாரம் கிடந்தால் அதில் ஒட்டியிருப்பதும் பட்டினியில் செத்துவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் டியூபை அடிக்கல்லில் குத்திக் குத்தி உறிஞ்சி, கால்பங்குத் தண்ணீரை வெளியேற்றுங்கள், கூடுகள் அங்கேதான் கிடக்கின்றன. தண்ணீரை எடுப்பதற்கு முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், தண்ணீருக்கு வெளியே நின்றால் அதன் கண்ணாடி வெடித்துவிடும். திரும்ப ஊற்றுவது குளோரின் நீக்கிய தண்ணீராக, ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் தவறுவது உப்புக் கணக்கில்: 12 லிட்டர் எடுத்தால் 12 லிட்டருக்கான 24 கிராம் மட்டுமே சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு ஊற்றும்போது உப்பே வேண்டாம், தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. பில்டர் ஸ்பாஞ்சை மாநகராட்சிக் குழாயில் கழுவாதீர்கள், அதில் இருக்கும் நல்ல பாக்டீரியா குளோரினில் போய்விடும், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசினால் போதும்.

எத்தனை நாள்? கடைசிப் புள்ளி கண்ணை விட்டு மறைந்த பிறகும் இன்னும் பத்து நாள். காலண்டரில் குறித்து வையுங்கள், மகனையே தினமும் எண்ணச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் புள்ளி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், மலக்கைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த மருந்துக்குப் போகலாம். கையுறை போட்டுக்கொண்டு, பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, பாட்டிலில் எழுதிய அளவில் விடுங்கள், சக்கர் இருப்பதால் பாதி அளவில் தொடங்குங்கள். மஞ்சள் தூள், வேப்பிலைச் சாறு என்று சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். வேப்பஞ்சாறு அளவு கூடினால் மீனையே கொன்றுவிடும்.

அப்புறம், இனி புது மீன் வாங்கினால் பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மீனை மட்டும் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து விடுங்கள். வலையும் தனி வலை.

கேள்வி: என் ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளை வெள்ளையாக அரும்புகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, மற்ற மீன்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. மருந்து விடலாமா?
ஒரு வாசகர், மேலூர்

பதில்: விடவே கூடாது. அது இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் அரும்பு. வெண்புள்ளி என்றால் வால், முதுகு, வயிறு என்று கண்ட இடத்தில் சிதறியிருக்கும், ஓரிரு நாளில் இடமும் மாறும். உங்கள் மீனில் அந்த இரண்டு இடத்தில் மட்டும் வரிசையாக இருக்கிறது, துரத்துவதும் அதனால்தான்.

கேள்வி: பண்ணைக்குட்டையில் கட்லா விட்டிருக்கிறேன். மீன் மேல் மிளகை நசுக்கினது போலத் தட்டையாக ஏதோ ஊர்கிறது. தொட்டி மீனுக்கு விடும் பச்சை மருந்தை ஊற்றலாமா?
ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். மலக்கைட் கிரீன் சாப்பிடுகிற மீனுக்குக் கூடவே கூடாது, சதையில் தங்கிவிடும். உங்களுடையதுதான் உண்மையான மீன் பேன், ஆர்குலஸ். அது மீன் மேல் முட்டை வைப்பதில்லை, கல், குச்சி போன்ற கெட்டியான இடத்தைத் தேடி வைக்கும். நாலைந்து மூங்கில் தட்டிகளையோ பலகைகளையோ தண்ணீருக்குள் நட்டுவைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் முட்டை வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, சுரண்டிவிட்டுத் திரும்ப நடுங்கள். இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள். மருந்து வேண்டும் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் பேன் ஒட்டிய ஒரு மீனையே ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், குட்டையின் நீள அகல ஆழத்தையும் சொல்லிக் கேளுங்கள்.